நின்ற வண்டி, நகர்ந்த புள்ளி

எங்கள் குட்டியானை லோடு வண்டிக்கு ஜிபிஎஸ் மாட்டியது என் பிடிவாதம். என் வீட்டுக்காரருக்கு அதில் துளியும் விருப்பமில்லை. "வூட்ல ஒரு அம்மா, ஒரு பொண்டாட்டி கீறீங்க. வண்டிலயும் ஒருத்திய உக்கார வெக்கணுமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, பென்னலூர் கடைக்கு அவரே வண்டியை ஓட்டிக்கொண்டு போய் மாட்டிக்கொண்டு வந்தார். அவருடைய எதிர்ப்பெல்லாம் எப்போதும் அந்த அளவுதான்.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி அது. டேஷ்போர்டுக்குள் கண்ணில் படாமல் உட்கார்ந்துகொண்டு, வண்டி எங்கே இருக்கிறது என்பதை என் போனில் ஒரு பச்சைப் புள்ளியாகக் காட்டும்.

நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து போன் கம்பெனி வேலைக்கு வந்தவள். லைனில் எனக்கு டெஸ்டிங். மேசைக்கு வரும் போனின் திரையில் மயிரிழை அளவு கோடு தெரிந்தாலும் எடுத்து ஒதுக்கி வைப்பேன். "கொஞ்சம் கண்ண மூடிக்கம்மா, டார்கெட் போகணும்" என்று சூப்பர்வைசரே கெஞ்சியிருக்கிறார். அவ்வளவு சந்தேகப் பிராணி. கம்பெனி ஹாஸ்டல் வேன் ஓட்டிக்கொண்டிருந்த தன்னைக் கட்டிக்கொண்டதுதான் நான் சோதித்துப் பார்க்காமல் பாஸ் பண்ணிய ஒரே சரக்கு என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். இன்னொன்றும் உண்டு. அந்தப் பெட்டி.

கல்யாணத்துக்குப் பிறகு வேனை விட்டுவிட்டுக் குட்டியானை வாங்கினோம். வல்லம் வடகாலில் ஒரு சின்ன கம்பெனியில் காருக்கான பிளாஸ்டிக் பாகங்களை ஏற்றி, ஒரகடத்தில் பெரிய கம்பெனியில் இறக்க வேண்டும். இந்தத் தொழிலில் ஓட்டுவது கால்வாசி, காத்திருப்பது முக்கால்வாசி. பெரிய கம்பெனி கேட்டுக்கு வெளியே சர்வீஸ் ரோட்டில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஒரு வண்டி உள்ளே போனால் பின்னால் இருப்பவை எல்லாம் ஒரு வண்டி நீளம் நகரும். மறுபடி நிற்கும். அந்த வரிசையில் டிரைவர் போன் பேசுவதைச் செக்யூரிட்டி பார்த்துவிட்டால் போச்சு, வண்டியைக் கடைசிக்குப் போகச் சொல்லிவிடுவார்.

ஒரு தடவை என் போனால் அவர் அப்படிக் கடைசிக்குப் போனார். அன்று வீட்டுக்கு வந்து சட்டம் போட்டார். "தோ பாரு, புள்ளி கொஞ்சம் கொஞ்சமா நவுந்துக்கினே இருந்தா நான் வரிசைல கீறேன், நல்லா கீறேன்னு அர்த்தம். அப்போ போன் பண்ணாத. அப்டியே நின்னுடுச்சுன்னா பண்ணு."

அதிலிருந்து எங்கள் வீட்டில் அவர் நலம் விசாரிக்கிற கேள்வி மாறிவிட்டது. அத்தை, அதாவது அவருடைய அம்மா, ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறவர். வேலை முடிந்து வடக்குப்பட்டு ஸ்டாப்பில் இறங்கி வீட்டுக்குள் நுழையும்போதே, செருப்பைக்கூடக் கழற்றாமல், "இன்னாடி, நவுருதா?" என்பார். "நகருது அத்தை" என்பேன். பிறகுதான் தண்ணீர் குடிப்பார்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் கடுகடுவென்று வந்தார். மத்தியானத்திலிருந்து சாயங்காலம்வரை வரிசை ஒரு அடிகூட நகரவில்லையாம். "பொய். நகர்ந்தத நான் பாத்தேன்" என்றேன். "நின்ன எடத்துலயே நின்னேன்டி" என்றார். "அப்படின்னா வண்டிய எடுத்துக்கிட்டு எங்க போனீங்க?" என்று பிடித்துக்கொண்டேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் பரோட்டா பொட்டலத்தோடு வந்து, "சரி தாயே, நவுந்தேன். பொட்டி சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்" என்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டு நானும் பரோட்டாவைச் சாப்பிட்டேன்.

அது நடந்த அன்றைக்கு அத்தைக்கு வார லீவு. இரண்டு பேரும் வீட்டில் இருந்தோம். காலையில் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும் கட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தேன். அவருக்குப் பசி பொறுக்காது. பன்னிரண்டரை ஆகிவிட்டால் வரிசையாவது ஒன்றாவது, ஸ்டியரிங் மேலேயே டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொள்வார். மத்தியானம் நான் போனைப் பார்த்தேன். புள்ளி சர்வீஸ் ரோட்டில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அத்தை கேட்டார். பார்த்துச் சொன்னேன். சாயங்காலம் டீ போட்டுக் குடித்தபடி இருவரும் சேர்ந்தே பார்த்தோம். "நவுருது பாரு. ஆனா இன்னிக்கு ரொம்ப லேட்டு பண்றானுங்க" என்று அத்தை கம்பெனிக்காரர்களைத் திட்டினார்.

இருட்டுகிற நேரத்தில் அவர் நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியவர் செக்யூரிட்டி. வரிசையை விட்டு ஒதுங்கி, புங்க மரத்தடியில் நின்றிருந்த வண்டியை எடுக்கச் சொல்லப் போயிருக்கிறார். உள்ளே சீட்டில் சாய்ந்தபடி இருந்திருக்கிறார் இவர். தூங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தாராம். அந்த ரோட்டில் சீட்டில் சாய்ந்து தூங்காத டிரைவர் யார்?

ஆஸ்பத்திரியில் டாக்டர், மாரடைப்பு என்றார். மத்தியானமே உயிர் போயிருக்க வேண்டும் என்றார். அவரோடு நான் போட்ட சண்டை அந்த வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும். "அது எப்படி சார் மத்தியானம்? சாயங்காலம்வரைக்கும் வரிசைல வண்டிய நகத்திட்டு இருந்திருக்காரு. நானும் எங்க அத்தையும் பாத்தோம். இந்தா பாருங்க" என்று போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அன்றைக்கு வண்டி போன வழியை மறுபடி ஓட்டிப் பார்க்கும் வசதி அதில் உண்டு. டாக்டர் புள்ளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சரிம்மா" என்றார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வண்டியிலிருந்த அவருடைய சாமான்களை ஒரு கட்டைப்பையில் போட்டுக் கொடுத்தார்கள். அத்தைதான் வாங்கிக்கொண்டார்.

துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் நான் அதையே சொன்னேன். கடைசிவரை வரிசையில்தான் இருந்தார். நெஞ்சு வலித்ததும் ஓரமாக ஒதுக்கியிருக்கிறார், உடனே உயிர் போய்விட்டது, கஷ்டப்படவில்லை. யாரும் பார்க்காமல், யாரும் கூப்பிடாமல், வெயிலில் மணிக்கணக்காகக் கிடக்கவில்லை. இது எனக்கு வேண்டியிருந்தது. சோறு தண்ணீர்கூட அவ்வளவு வேண்டியிருக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள், பழக்கதோஷத்தில் போனைத் திறந்தேன். வண்டி வாசலில் நின்றது. சாவி சுவரில் ஆணியில் தொங்கியது. புள்ளி வீட்டுக்குப் பின்னால் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல நகர்ந்து பக்கத்துக் காலி மனைக்குப் போனது. அங்கிருந்து தெருவுக்கு வந்தது. எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். வண்டி வைத்த இடத்திலேயே இருந்தது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வெகுநேரம் திரையையே பார்த்தார். "சுத்திக்கினு கீறான்" என்றார்.

வண்டி நிற்கிறது, புள்ளி நடக்கிறது. டெஸ்டிங் மேசையில் இப்படி ஒரு பொருள் வந்திருந்தால் மறு பேச்சில்லாமல் ஒதுக்கியிருப்பேன். வீட்டில் அந்தப் புத்தி வரவில்லை. வர விடவில்லை என்பதுதான் சரி.

அப்புறம் அதுவே எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. அத்தை வேலையிலிருந்து வந்ததும், "எங்க கீறான்?" என்பார். "பின்னாடி, பாத்ரூம் பக்கம்." "பீடி புடிக்கத்தான். உட்டுட்டேன்னு என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணான் படுபாவி." பின்பக்கச் சுவர்மேல் ஒரு தம்ளர் டீ வைக்கத் தொடங்கினார். அது ஆறிப்போய் எறும்பு மொய்த்துக் கிடக்கும். காலையில் கொட்டிவிட்டுக் கழுவி வைப்பார்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயப்படுவதற்காவது அவர் இருந்தார். ஒரு சாயங்காலம் புள்ளி சரியாக எங்கள் சமையலறைமேல் வந்து நின்றது. நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. "வந்துட்டீங்களா?" என்று சுவரைப் பார்த்தே கேட்டேன். கஞ்சி கையில் கொட்டிச் சுட்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதைக்கூட நான் குறையாக நினைக்கவில்லை.

வண்டியைச் சும்மா எத்தனை நாள் நிறுத்தி வைப்பது? வரிசையில் அவரோடு பழகிய ஒரு டிரைவர் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர், கயத்தாறு. என் வீட்டுக்காரரை அண்ணன் என்று கூப்பிட்டவர், என்னை மதினி என்பார். அவரை ஓட்டச் சொன்னேன். அவர் வந்த கொஞ்ச நாளிலேயே பெட்டி செத்துவிட்டது. புள்ளி ஒரேயடியாகக் காணாமல் போனது. வாரண்டி முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது. கடைக்கு ஓடினேன். பழையதைக் கழற்றி வைத்துக்கொண்டு புதியது ஒன்றை மாட்டிக் கொடுத்தார்கள். காசு கேட்கவில்லை. போனிலும் ஏதோ நம்பரை மாற்றினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தபோது பழைய நாட்களின் வழியெல்லாம் அழிந்துபோயிருந்தது. அந்தக் கடைசி நாளும்தான். பதறிப்போய்க் கடைக்காரருக்குப் போன் செய்தேன். பழைய பெட்டி கம்பெனிக்குப் போய்விட்டது, இனி வராது என்றார்.

வழி போனால் போகட்டும், வீட்டைச் சுற்ற அவர் வருவாரே என்று இருந்தேன். வரவில்லை. சாயங்காலம் வண்டி வாசலுக்கு வந்தால் புள்ளியும் வாசலில் நின்றது. ஆணி அடித்த மாதிரி நின்றது. மறுநாளும் அப்படியே. அடுத்த நாளும்.

"எங்க கீறான்?" என்று அத்தை கேட்பார்.

"வாசல்லயே நிக்குது அத்தை."

"உள்ள வர மாட்டேன்றானா? கோச்சுக்கினானா?"

பிறகு அத்தையின் கோபம் கயத்தாற்றுக்காரர்மேல் திரும்பியது. இன்னொருத்தன் தன் சீட்டில் உட்கார்ந்தால் எந்த மனுஷன் வீட்டுக்கு வருவான் என்று வாசலில் நின்றே சத்தம் போட்டார். அந்த ஆள் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "மதினி, நான் வேணும்னா வேற வண்டி பாத்துக்கிடுதேன். பெரியவங்க மனசு சங்கடப்படுதுல்லா?" என்றார். அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு மறுநாள் பென்னலூருக்குப் பஸ் ஏறினேன்.

கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். "இன்னாக்கா, புதுசுல இன்னா ப்ராப்ளம்?" என்றார்.

"நகர மாட்டேங்குது."

"வண்டி ஓடும்போதா?"

"ஓடும்போது நல்லாத்தான் நகருது. நிக்கும்போது நகர மாட்டேங்குது."

நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "நிக்கும்போது எதுக்குக்கா நவுரணும்?"

"பழசு நகர்ந்துச்சே" என்று மட்டும் சொன்னேன்.

"அதுதான்க்கா கோளாறே. அந்த மாடல் வாங்குன நெறைய பேரு வந்து கத்திக்கினு போனாங்க. வண்டி நின்னாலும் புள்ளி இங்கயும் அங்கயும் போய்க்கினே இருக்கும். பக்கத்துல பெரிய ஷெட்டு, தகரம் அது இதுன்னு இருந்தா சிக்னல் அதுல பட்டுப் பட்டு வரும், இன்னும் ஜாஸ்தியா ஆடும். புதுசுல அத சரி பண்ட்டாங்க. நின்னா கம்முனு நிக்கும். ஒங்களுக்கு நல்லதுதானக்கா?" நல்ல செய்தி சொன்ன சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

பெரிய ஷெட் என்றார். அந்த சர்வீஸ் ரோட்டை ஒட்டி, கேட்டிலிருந்து கண்ணுக்கு எட்டும் தூரம்வரை தகரக் கூரை போட்ட ஷெட்தான்.

ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாறி ஒரகடம் வண்டியில் உட்கார்ந்தேன். அந்தக் கடைசி நாளின் வழி போனில் அழிந்துவிட்டது. ஆனால் அதை எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருந்ததால் எனக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினேன். வரிசை நகர்ந்தால் கேட்டை நோக்கி முன்னால் போக வேண்டும். அந்தப் புள்ளி முன்னால் போகவே இல்லை. முளையில் கட்டிய ஆடு மாதிரி ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு தடவை மதில் சுவரைத் தாண்டி கம்பெனிக்குள்ளேயே போய்விட்டு வந்தது. அன்றைக்கே அதைப் பார்த்தேன். மேப் தப்பு என்று நினைத்தேன். சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே நாங்கள் பார்த்தது வண்டி நகர்வதை அல்ல. அவர் செத்துக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு "நவுருது, நவுருது" என்று சொல்லியிருக்கிறோம். அதற்கு முன்னால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் ஒதுங்கியபோது, நான் கூப்பிடுவேன் என்று போனைப் பார்த்திருப்பாரோ என்னவோ. வண்டி நின்றுவிட்டது, எனவே கூப்பிடுவாள் என்று.

"நின்ன எடத்துலயே நின்னேன்டி" என்று அவர் அன்றைக்குச் சொன்னதும் நிஜம்தான். மனுஷன் என் எதிரே நின்று சொன்னார். நான் பெட்டியை நம்பினேன்.

பஸ் அந்தக் கேட்டைத் தாண்டியது. புங்க மரத்தடியில் வேறொரு வண்டி நின்றது. உள்ளே ஒருவர் சீட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். தூங்கிக்கொண்டுதான் இருந்திருப்பார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "யோவ், எந்திரிய்யா!" என்று கத்திவிட்டேன். பஸ்ஸில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டில் அத்தை காத்திருந்தார். "இன்னா சொன்னான்?"

இதை எப்படிச் சொல்வது? சொன்னால் ஒரே வார்த்தையில் அவருடைய பிள்ளை இரண்டு தடவை போய்விடுவான். பின்பக்கம் பீடி குடிக்கிறவனும் போய்விடுவான், சாயங்காலம்வரை உயிரோடு இருந்தவனும் போய்விடுவான். "புதுசு அப்படித்தானாம் அத்தை. போகப் போகச் சரியாயிடுமாம்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒன்றும் இல்லை. எழுந்து பின்பக்கம் போனார். சுவர்மேலிருந்த டீயைக் கொட்டினார். மறுநாள் தம்ளர் வைக்கவில்லை. கோபத்தில் இருக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

வீடு வெறிச்சென்று ஆனது. அவர் செத்தபோது அழுததைவிட இப்போது அதிகம் அழுதேன். பேய் போய்விட்டதே என்று அழுத ஒரே பொம்பளை இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன். சமையலறையில் நின்றால் முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை என்பது தெரிந்தது. அதுதான் தாங்கவில்லை.

அந்த வெறியெல்லாம் கயத்தாற்றுக்காரர் தலையில் விடிந்தது. புள்ளி கொஞ்சம் நின்றாலும் போன் போடுவேன். வரிசையில் நின்றால், டீக்கடையில் நின்றால், சிக்னலில் நின்றால்கூட. "மதினி, வரிசைலதான நிக்கேன்? செக்யூரிட்டி பாத்தா என்னையக் கடைசிக்கு அனுப்பிருவாம்லா!" என்று கெஞ்சுவார். அவர் குரலைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வரும். நல்லவேளை, பொறுமைசாலி. வண்டியை விட்டுவிட்டுப் போகவில்லை. போன் வந்தால் குனிந்து, காலடியில் எதையோ தேடுகிற மாதிரி பேசப் பழகிக்கொண்டார்.

போன வாரம் அத்தைக்கு லீவு. மத்தி மீன் வாங்கி வந்து பின்பக்கம் உட்கார்ந்து செதில் உரித்துக்கொண்டிருந்தார். நான் பின்வாசல் படியில் போனை வைத்துக்கொண்டு இருந்தேன். புள்ளி ரொம்ப நேரமாகக் கேட்டுக்கு வெளியே நின்றது. கூப்பிடலாம் என்று விரலை வைக்கும்போது ஒரு வண்டி நீளம் முன்னால் நகர்ந்தது. அப்பாடா என்று போனைக் கீழே வைத்தேன்.

"கூப்புடல?" என்றார் அத்தை.

"நகர்ந்துடுச்சு அத்தை. நல்லா இருக்காரு."

"நவுந்தாலும் கூப்புடு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எம்புள்ள கெடக்கும்போதும் நவுந்துச்சு இல்ல?" என்றார்.

கடைக்காரர் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. "அத்தை, உங்களுக்கு எப்பத்துலருந்து..." என்று இழுத்தேன்.

"அன்னிக்கே தெரியும். டிப்பன் பாக்ஸ நான்தான கழுவுனேன்?" செதில் ஒட்டிய கையைத் தண்ணீரில் அலசினார். "மூடியே தொறக்கல. பசி தாங்க மாட்டான் அவன்."

அந்தக் கட்டைப்பை. அதில் என்ன இருந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றிலிருந்து இந்த மனுஷி அதை மனதில் வைத்துக்கொண்டு, "எங்க கீறான்?" என்று என்னிடம் கேட்டு, எனக்காகச் சுவர்மேல் டீ வைத்து, எறும்பு மொய்த்த தம்ளரைத் தினமும் கழுவியிருக்கிறார்.

"கூப்புடு" என்றார் மறுபடியும்.

கூப்பிட்டேன். நான்கைந்து தடவை மணி அடித்தபிறகு எடுத்தார். குனிந்துகொண்டு பேசுவது மூச்சிலேயே தெரிந்தது. "மதினி, இப்பதான நகந்தேன்! பாக்கலையா?"

"பாத்தேன்" என்றேன். "சாப்டீங்களா?"

"இல்ல மதினி, இனிமேத்தான்."

"டிபன் பாக்ஸ இப்பவே தொறங்க. நான் லைன்லயே இருக்கேன்."

மூடி திறக்கிற சத்தம் கேட்கும்வரை போனைக் காதில் வைத்திருந்தேன். அத்தையும் மீனை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.